பழைய படம், புதுத் தகடு: நல்ல பிரதியைக் கண்டுபிடிப்பது எப்படி?

அட்டையில் பெரிய எழுத்தில் "4கே" என்று அச்சடித்திருக்கிறது. "புத்தம் புதிய பிரதி" என்றும் போட்டிருக்கிறது. படத்துக்கோ வயது 70. தகட்டின் விலை சில ஆயிரம் ரூபாய்.

வாங்கி வந்து வீட்டில் போட்டுப் பார்க்கிறார்கள். படம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் கதாநாயகியின் முகம் மெழுகுப் பொம்மையின் முகம் போல இருக்கிறது!

இன்னொரு தகடு. அதில் அங்கங்கே கீறல் ஓடுகிறது. ஆனால் அழுகிற கிழவரின் கன்னத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிகிறது.

இந்த இரண்டில் எது நல்ல பிரதி?

இந்தக் கேள்விக்காக உலகம் முழுவதும் சினிமாப் பிரியர்கள் சண்டை போட்டுக் கொள்கிறார்கள். சண்டைக்குக் காரணம் இருக்கிறது.

தகடு விற்கும் தொழில் சுருங்கி வருகிறது. அமெரிக்காவில் நெட்பிளிக்ஸ் கம்பெனி தபால் மூலம் தகடுகளை வாடகைக்கு அனுப்பி வந்தது. 2023-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்துடன் அதை நிறுத்திவிட்டது. "பெஸ்ட் பை" என்ற பெரிய கடை 2024-ம் ஆண்டில் தகடு விற்பதையே விட்டுவிட்டது. புதுப் படங்களைத் தகட்டில் வாங்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனால் பழைய படங்கள் புதுப்பிக்கப்பட்டு இன்னமும் தகடாக வருகின்றன. வாங்குகிறவர்கள் ஒரு முறைதான் வாங்குவார்கள். வைத்துக்கொள்வதற்காக வாங்குவார்கள்.

1950-ல் எடுத்த ஒரு ஜப்பான் படமோ, இத்தாலிப் படமோ பக்கத்துத் தியேட்டருக்கு வருவது அபூர்வம். ஆகவே தகட்டில் இருப்பதுதான் படம். இணையத்தில் பார்ப்பதும் பெரும்பாலும் அதே பிரதிதான். அது கெட்டுப்போயிருந்தால், பேரன் பேத்திகள் அந்தக் கெட்டுப்போன படத்தைத்தான் "உலகப் புகழ் பெற்ற படம்" என்று பார்ப்பார்கள்.

புள்ளிக் கணக்கு

டி.வி.யில் தெரியும் படம் புள்ளிகளால் ஆனது. கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல. புள்ளி அதிகமானால் படம் நுணுக்கமாகத் தெரியும்.

ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு சுற்றிய வி.சி.டி.யில், ஒரு படத்துக்குச் சுமார் 1 லட்சம் புள்ளிகள் இருந்தன. அடுத்து வந்த டி.வி.டி.யில் சுமார் 4 லட்சம். 2006-ம் ஆண்டு வந்த ப்ளூ-ரே தகட்டில் சுமார் 20 லட்சம். 2016-ம் ஆண்டு வந்த 4கே தகட்டில் சுமார் 83 லட்சம்!

கணக்கைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. ஆனால் இது பாத்திரத்தின் அளவுதான். பாத்திரத்தில் இருப்பது பாலா, தண்ணீரா என்பதை இந்தக் கணக்கு சொல்லாது.

வீட்டுப் பத்திரத்தை நகல் எடுக்கிறோம். அந்த நகலிலிருந்து இன்னொரு நகல். அதிலிருந்து மற்றொன்று. நான்காவது நகலில் சர்வே நம்பர் மங்கிப்போகும். அந்த நான்காவது நகலை எவ்வளவு உயர்ந்த மெஷினில் போட்டாலும், மங்கிய நம்பர் தெளிவாகாது.

சினிமாவும் அப்படியே. காமிராவுக்குள் ஓடிய பிலிம்தான் மூல நெகட்டிவ். அதிலிருந்து ஒரு பாசிட்டிவ் எடுப்பார்கள். அதிலிருந்து இன்னொரு நெகட்டிவ். அதிலிருந்து தியேட்டர்களுக்குப் போகும் பிரிண்டுகள். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாக நுணுக்கம் குறையும். தியேட்டரில் நூறு தடவை ஓடித் தேய்ந்த பிரிண்டிலிருந்து 4கே தகடு செய்தால், தேய்மானம்தான் 83 லட்சம் புள்ளிகளில் தெரியும்.

ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எத்தனை கே?" என்பது அல்ல. "எதிலிருந்து எடுத்தது?" என்பதுதான். நல்ல கம்பெனிகள் தகட்டோடு வரும் சிறு புத்தகத்தில் இதை எழுதிவிடுகின்றன. எழுதாமல் விட்டிருந்தால், ஏன் எழுதவில்லை என்று யோசிப்பது நல்லது.

எரிந்த நெகட்டிவ்

மூல நெகட்டிவ் இருந்தால்தானே அதிலிருந்து எடுக்க முடியும்?

ஜப்பான் டைரக்டர் யசுஜிரோ ஓசு 1953-ம் ஆண்டு எடுத்த படம் "டோக்கியோ ஸ்டோரி". வயதான தாயும் தந்தையும் பட்டணத்தில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். பிள்ளைகளுக்கு அவர்களோடு உட்கார்ந்து பேச நேரம் இல்லை. கதை இவ்வளவுதான். 2012-ம் ஆண்டில் பிரிட்டனின் "சைட் அண்டு சவுண்ட்" பத்திரிகை உலக டைரக்டர்களிடம் ஓட்டு எடுத்தபோது, முதல் இடம் இந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது.

அந்தப் படத்தின் மூல நெகட்டிவ் தீயில் அழிந்துவிட்டது. இன்று பார்ப்பதெல்லாம் அதன் நகலிலிருந்து செப்பனிட்டது. 2013-ம் ஆண்டு பெர்லின் படவிழாவில் காட்டப்பட்ட புதுப் பிரதியும் அப்படிப்பட்டதே. அதைப் பார்த்துவிட்டு, "இன்னும் கூர்மையாக இல்லையே" என்று குறை சொல்வது நியாயம் அல்ல. இருப்பதைக் கொண்டு எவ்வளவு செய்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு இந்தியாவின் படங்களே சாட்சி.

வங்காளத்தின் சத்யஜித் ரே எடுத்த "பதேர் பாஞ்சாலி" (1955), "அபராஜிதோ" (1956), "அபுர் சன்சார்" (1959) ஆகிய மூன்று படங்களும் இந்தியர்களுக்கு உள்நாட்டுப் படங்கள். அமெரிக்கர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் அவை வெளிநாட்டுப் படங்கள். அங்கேதான் அவை உயிர் பிழைத்தன.

1992-ம் ஆண்டு ரேக்குக் கௌரவ ஆஸ்கார் பரிசு வழங்கப்பட்டது. சில வாரங்களில் அவர் காலமானார். அவருடைய படங்களைப் பாதுகாக்க முயற்சி நடந்தது. நெகட்டிவ்கள் லண்டனில் உள்ள ஒரு லாபரட்டரிக்கு அனுப்பப்பட்டன. 1993-ம் ஆண்டு ஜூலை மாதம் அந்த லாபரட்டரி தீப்பிடித்தது. நெகட்டிவ்கள் கருகின. சில சுருள்கள் உருகி ஒட்டிக்கொண்டன.

குப்பையில் போடவேண்டிய பொருள்! ஆனால் யாரும் போடவில்லை. ஆஸ்கார் பரிசு வழங்கும் அகாடமியின் படக் காப்பகம் அந்தக் கருகிய சுருள்களை வாங்கி வைத்துக்கொண்டது. 20 ஆண்டுகள் அவை அப்படியே இருந்தன.

2013-ம் ஆண்டில் அமெரிக்காவின் "கிரைட்டீரியன்" கம்பெனி அந்தப் பெட்டிகளைத் திறந்தது. சுருள்கள் இத்தாலியில் பொலோனா நகரத்தில் உள்ள பிலிம் லாபரட்டரிக்குப் போயின. வறண்டு நொறுங்கும் நிலையில் இருந்த பிலிமை மருந்துக் கரைசலில் ஊறவைத்து ஈரப்பதம் ஏற்றினார்கள். உருகிய ஒட்டுகளைச் சுரண்டி எடுத்தார்கள். ஓரத்தில் உள்ள ஓட்டைகளைக் கையாலேயே சரிசெய்தார்கள். கைவேலை மட்டும் சுமார் ஆயிரம் மணி நேரம்.

பலன் என்ன? "பதேர் பாஞ்சாலி" நெகட்டிவில் 40 சதவீதம் பயன்பட்டது. "அபராஜிதோ"வில் 60 சதவீதத்துக்கு மேல். மூன்றாவது படத்தின் நெகட்டிவ் எதற்கும் உதவவில்லை. இல்லாத பகுதிகளுக்குப் பல நாடுகளின் காப்பகங்களிலிருந்து நல்ல நகல்களைத் தேடிச் சேர்த்தார்கள். 2015-ம் ஆண்டு நியூயார்க்கில் மூன்று படங்களும் திரைக்கு வந்தன. அதே ஆண்டு தகடும் வந்தது.

அந்தத் தகட்டைக் கவனித்துப் பார்த்தால், ஓர் இடத்தில் படம் மிகக் கூர்மையாகவும் அடுத்த காட்சியில் சற்று மென்மையாகவும் இருப்பது தெரியும். அது குறை அல்ல. நெகட்டிவ் முடிந்து நகல் தொடங்கும் இடம் அது.

மெழுகு முகம்

பிலிமில் படம் விழுவதற்குக் காரணம் வெள்ளி உப்பு. பொடிப்பொடியான மணிகளாக அது பிலிமில் பரவியிருக்கும். அதனால்தான் பழைய படத்தில் மெல்லிய மணல் தூவியது போல ஒரு அசைவு தெரிகிறது. அது அழுக்கு அல்ல. படமே அந்த மணிகளால் ஆனதுதான்.

கம்ப்யூட்டருக்கு இது புரியாது. "மணலை எடு" என்று கட்டளையிட்டால் எடுத்துவிடும். மணலோடு தோலின் துளைகளும், புருவ மயிரும், சேலையின் நெசவும் போய்விடும். மிஞ்சுவது மெழுகு முகம்.

இப்போது இன்னொரு விபரீதமும் சேர்ந்திருக்கிறது. எடுப்பதோடு நிற்காமல், இல்லாததைக் கற்பனை செய்து நிரப்பும் கம்ப்யூட்டர் முறைகள் வந்துவிட்டன. 2024-ம் ஆண்டில் ஜேம்ஸ் கேமரூனின் "ஏலியன்ஸ்" (1986), "ட்ரூ லைஸ்" (1994) ஆகிய படங்களின் 4கே தகடுகள் வெளிவந்தபோது பெரிய சர்ச்சை கிளம்பியது. முகங்கள் இயற்கையாக இல்லை என்று ஒரு சாரார் சொன்னார்கள். இவ்வளவு தெளிவாக இதுவரை பார்த்ததே இல்லை என்று மற்றொரு சாரார் சொன்னார்கள்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். முகம் பெரிதாகத் தெரியும் ஒரு காட்சியில் படத்தை நிறுத்துங்கள். தலைமயிர் தனித்தனியாகத் தெரிகிறதா? சட்டையின் துணி துணியாகத் தெரிகிறதா? மணல் போன்ற மணிகள் இருக்கின்றனவா? இருந்தால் நல்லது. கன்னம் வழவழவென்று பிளாஸ்டிக் போல இருந்தால், யாரோ அளவுக்கு மீறித் துடைத்திருக்கிறார்கள்.

டி.வி. பெட்டியும் இந்தத் தவறைச் செய்யும். அசைவை வழவழப்பாக்கும் ஒரு வசதி புது டி.வி.களில் இருக்கிறது. அதைப் போட்டால் எந்தப் படமும் சீரியல் போலத் தெரியும். ஹாலிவுட் நடிகர் டாம் குரூஸ் 2018-ம் ஆண்டில் இதை அணைக்கச் சொல்லி ஒரு வீடியோவே வெளியிட்டார். தகட்டைக் குறை சொல்லும் முன்பு ரிமோட்டை எடுத்து அதை அணைத்துவிடுவது நலம்.

டைரக்டரே மாற்றினால்?

நிறம் இன்னும் சிக்கலான விஷயம்.

"தி பிரெஞ்சு கனெக்ஷன்" 1971-ம் ஆண்டு வந்த அமெரிக்கப் படம். 2009-ல் அதன் ப்ளூ-ரே வந்தபோது, நிறங்கள் வெளுத்துத் தெரிந்தன. மாற்றியவர் வேறு யாரும் அல்ல, டைரக்டர் வில்லியம் பிரீட்கினே! காமிராமேன் ஓவன் ரோய்ஸ்மன் அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். 2012-ல் இருவரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட வேறு பிரதி வந்தது. பழைய நிறம் திரும்பியது.

ஹாங்காங் டைரக்டர் வோங் கர் வாய் விஷயம் இதைவிட வினோதம். அவருடைய "இன் தி மூட் பார் லவ்" (2000) படத்தின் புதுப் பிரதி 2020-ல் வந்தது. சிவப்பாக நினைவில் இருந்த காட்சிகள் பச்சை சாய்ந்து தெரிகின்றன என்று ரசிகர்கள் குறைபட்டார்கள். "ஃபாலன் ஏஞ்சல்ஸ்" (1995) படத்தின் திரை வடிவமே மாறியிருந்தது. மாற்றங்கள் தெரிந்தே செய்தவை என்று டைரக்டர் எழுதினார். இனி பழைய வடிவத்தை விரும்புகிறவர் பழைய தகட்டைத்தான் தேட வேண்டும். "டைரக்டர் ஒப்புதல் பெற்றது" என்று அட்டையில் போட்டிருப்பதாலேயே, தியேட்டரில் பார்த்த படம்தான் உள்ளே இருக்கிறது என்று நினைக்கக் கூடாது.

நேரத்தைப் பாருங்கள்

அட்டையின் பின்புறம் படம் ஓடும் நேரம் இருக்கும். இதைப் பலர் பார்ப்பதே இல்லை.

அகிரா குரோசாவாவின் "செவன் சாமுராய்" (1954) முழுப் படம் 207 நிமிடம். வெளிநாடுகளுக்கு அனுப்பும்போது வெட்டினார்கள். வெட்டிய படம் சுமார் 160 நிமிடம். அட்டையில் 160 என்று இருந்தால், முக்கால் மணி நேரம் காணோம் என்று அர்த்தம்.

சில பழைய டி.வி.டி.களில் 199 நிமிடம் என்று இருக்கும். அது வெட்டு அல்ல, ஓட்டம்! சினிமா பிலிம் விநாடிக்கு 24 படங்கள் வீதம் ஓடும். இந்தியாவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் இருந்த பி.ஏ.எல். டி.வி. முறை விநாடிக்கு 25. அதனால் படம் கொஞ்சம் வேகமாக ஓடி முன்னதாகவே முடியும். குரலும் சற்றுக் கீச்சென்று கேட்கும். ப்ளூ-ரேயில் படம் 24 வீதமே ஓட முடியும் என்பதால் இந்தத் தொல்லை குறைந்தது.

நேரத்தைப் போலவே வடிவமும் முக்கியம். "டோக்கியோ ஸ்டோரி" போன்ற பழைய படங்கள் ஏறக்குறையச் சதுரமானவை. அகலமான டி.வி.யில் இருபுறமும் கறுப்பு விழும். விழத்தான் வேண்டும். "திரை வீணாகிறதே" என்று இழுத்து நிரப்பினால், ஓசுவின் மெலிந்த கிழவர் குண்டராகிவிடுவார்.

அகலப் படங்களுக்குக் கேசட் காலத்தில் இதற்கு எதிரான ஆபத்து வந்தது. சதுர டி.வி.யை நிரப்புவதற்காக இருபுறமும் வெட்டினார்கள். குரோசாவாவின் "யோஜிம்போ" (1961) படத்தில் ஒரு காட்சி. தெருவின் இரு முனைகளிலும் இரண்டு கோஷ்டிகள். நடுவில் உயரமான மேடையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறான் வீரன். அப்படிப்பட்ட காட்சியில் பக்கங்களை வெட்டினால் சண்டைக்காரர்கள் போய்விடுவார்கள்!

திருடனா, திருடர்களா?

பாஷை தெரியாதவர்களுக்குப் படத்தின் கீழே ஓடும் எழுத்துதான் வசனம். அது தவறினால் கதையே தவறும்.

இத்தாலி டைரக்டர் விட்டோரியோ டி சிகா 1948-ல் எடுத்த படம் ஒன்று. இந்தியாவின் முதல் சர்வதேசப் படவிழா 1952-ம் ஆண்டு ஜனவரியில் பம்பாயில் தொடங்கி, சென்னை உள்பட மற்ற நகரங்களுக்கும் வந்தது. அந்த விழாவில் காட்டப்பட்ட படங்களில் இதுவும் ஒன்று. போஸ்டர் ஒட்டும் வேலை கிடைத்த ஒரு ஏழையின் சைக்கிள் திருட்டுப் போகிறது. மகனைக் கூட்டிக்கொண்டு ரோம் நகரம் முழுவதும் தேடுகிறான். கிடைக்கவில்லை. கடைசியில் அவனே ஒரு சைக்கிளைத் திருடப் பார்த்துப் பிடிபடுகிறான். மகன் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

இத்தாலியில் படத்தின் பெயர் "சைக்கிள் திருடர்கள்". அமெரிக்காவில் "சைக்கிள் திருடன்" என்று போட்டார்கள். ஒரு "கள்" போனதும் தகப்பன் திருடனாகும் அர்த்தமும் போய்விட்டது! பல ஆண்டுகள் கழித்து, 2007-ல் வந்த டி.வி.டி.யில் அமெரிக்கர்கள் அதைத் திருத்தினார்கள்.

குரோசாவாவின் "த்ரோன் ஆஃப் பிளட்" (1957) தகட்டில் இருவர் செய்த இரண்டு மொழிபெயர்ப்புகளைக் கொடுத்திருக்கிறார்கள். விருப்பமானதைப் போட்டுப் படிக்கலாம். ஒரு படத்தை இரண்டு முறை பார்க்க இதைவிட நல்ல சாக்கு கிடையாது.

கீறல் விழுந்த 25 நிமிடம்

ஜெர்மனியின் "மெட்ரோபோலிஸ்" 1927-ல் வந்த ஊமைப்படம். டைரக்டர் பிரிட்ஸ் லாங். வெளியான கொஞ்ச நாளிலேயே அதை வெட்டிச் சுருக்கினார்கள். வெட்டிய பகுதிகள் தொலைந்துபோயின. முழுப் படம் இனிக் கிடைக்காது என்றே 80 ஆண்டுகள் நினைத்திருந்தார்கள்.

2008-ம் ஆண்டு தென் அமெரிக்காவில், அர்ஜென்டினா நாட்டின் பியூனஸ் அயர்ஸ் நகர சினிமா மியூசியத்தில் ஒரு பிரதி கிடைத்தது. வெட்டுவதற்கு முன்பே அந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிரதியின் நகல் அது. சின்ன 16 மில்லிமீட்டர் பிலிமில் எடுத்த நகல். ஓடித் தேய்ந்த பிரிண்டிலிருந்து எடுத்ததால், கீறல்களும் படத்தோடு சேர்ந்து பதிவாகியிருந்தன. ஓரத்தில் கொஞ்சம் படமும் வெட்டுப்பட்டிருந்தது.

அதிலிருந்து சுமார் 25 நிமிடக் காட்சிகளைச் சேர்த்து, 2010-ம் ஆண்டு பெர்லினில் படத்தைத் திரையிட்டார்கள். பிறகு தகடாகவும் வந்தது.

அந்தத் தகட்டைப் போட்டால், பளிச்சென்று ஓடும் படம் திடீரென்று மழை பெய்வது போலக் கீறலாக மாறும். படமும் சற்றுச் சிறியதாகிவிடும். கம்ப்யூட்டரால் எவ்வளவோ முயன்றும் அந்தக் கீறல்கள் முழுவதும் போகவில்லை. இன்னும் கிடைக்காத இரண்டு காட்சிகளுக்குப் பதிலாக, அங்கே என்ன நடந்தது என்று எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள், "டி.வி. கெட்டுப்போச்சா?" என்று கேட்பார்கள். 80 ஆண்டுகள் காணாமல் போயிருந்த படம் அங்கேதான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லலாம்.